அடைப்புக்காரரின் தவிட்டு வைத்தியம்

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டு மைக்கம்மா மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் அவள் வயிறு பேசிற்று. சும்மா முணுமுணுப்பு இல்லை. காலி டேங்கில் மோட்டார் காற்றை இழுப்பதுபோல நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு ஓர் உறுமல். பேருந்து நிலையத்தின் தூண்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் அதை ஒன்று விடாமல் வாங்கி, பெரிதாக்கி, கடைசி நடைமேடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கம்மாவின் முகம் சிவந்தாலும் குரல் சிவக்கவில்லை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்பதை அட்சரம் பிசகாமல் சொல்லி முடித்து, சுவிட்சை அணைத்தாள். அதற்கப்புறம்தான் தவிட்டையும், தவிட்டைக் கண்டுபிடித்தவனையும், அதைக் கஞ்சியில் கலந்து கொடுத்தவரையும் வரிசையாகத் திட்டினாள்.

நேரம் குறித்துக்கொள்ளும் டைம்கீப்பர் கூண்டுக் கதவைத் தட்டினார்.

"என்ன மைக்கம்மா, புது வண்டி ஏதாவது விட்டிருக்காங்களா? சத்தம் பலமா இருக்கே."

"எங்க வீட்டுக்காரர் விட்ட வண்டி அண்ணே. ஏறின நாள்லேருந்து இறங்க விட மாட்டேங்கறார்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு என்ன, சிரிப்பார். வயிறு இவளுடையது.

அவள் வீட்டுக்காரர் பிளம்பர். குழாய் மாட்டுவது, டேங்க் வைப்பது எல்லாம் செய்வார் என்றாலும் அவர் பெயர் வாங்கியது அடைப்பு எடுப்பதில்தான். எந்த வீட்டுச் சமையலறையில் தண்ணீர் தேங்கி நின்றாலும், நாலு தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்கூட, "அடைப்புக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி, எதிர்முனையில் காதை வைத்துக் கேட்டு, "முடி சிக்கியிருக்கு", "எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கு" என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்தத் திறமையை மைக்கம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதை அவள் வயிற்றில் காட்ட வந்ததுதான் வினை.

விஷயம் ஆரம்பித்தது அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற விருந்தில். வறுத்ததும் பொரித்ததுமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு, வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலி எடுத்தது. முதுகுக்கு ஏறி, தோள்பட்டையில் குத்தி, வாந்தியில் முடிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த சர்ஜன் அம்மா, பித்தப்பையில் கல் இருக்கிறது என்றார்.

"கல்லீரல்ல ஊறுற பித்தநீரைச் சேர்த்து வெச்சிருக்கற சின்னப் பை இது. நீங்க கொழுப்பு சாப்பிட்டதும் இது சுருங்கிப் பிழிஞ்சு விடும். பிழியும்போது கல்லு வந்து வாயில அடைச்சுக்குது, அதான் வலி. பையை எடுத்துடறதுதான் சரி. தள்ளிப் போட்டுப் பை வீங்கிச் சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து. பை இல்லாம நல்லாவே வாழலாம்."

பிளம்பர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மொத்தமா எடுக்கறதா? கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுடக் கூடாதா டாக்டர்?"

"விட்டா மறுபடியும் கல்லு சேரும். ஆபரேஷன் வரைக்கும் எண்ணெய், வெண்ணெய், வறுவல் எல்லாத்தையும் குறைச்சுடுங்க. நார்ச்சத்து சேர்த்துக்கங்க. ஒரேயடியா இல்ல, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டணும், தண்ணியும் நல்லாக் குடிக்கணும். வயிறு ஒழுங்கா இருக்கும். ஆனா நார்ச்சத்து இருக்கற கல்லை எடுத்துடாது, அதை நல்லாப் புரிஞ்சுக்கங்க."

இவ்வளவில் பிளம்பர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். நார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டார். "கம்பெனியிலேயே மாட்டி அனுப்பின சாமான் அது. ஒரு காரணம் இல்லாமலா வெச்சிருப்பான்? அடைச்சுக்கிட்டா அடைப்பை எடுக்கணும். யாராவது குழாயையே பிடுங்கிப் போடுவாங்களா?"

எதையும் பிடுங்கிப் போடாத மனிதர் என்பதற்கு வீட்டுப் பரணே சாட்சி. கைப்பிடி இல்லாத குழாய்கள், குழாய் இல்லாத கைப்பிடிகள், வெடித்துப்போன ஹோஸ், துருப்பிடித்த வால்வு, தேய்ந்துபோன வாஷர் ஒரு டப்பா நிறைய. ஊரில் கழற்றியதெல்லாம் இங்கேதான் குடியேறும். "ஒரு நாள் உதவும்" என்பார். மகள் பிறப்பதற்கு முன்பு ஏறிய சாமான்கள் அவள் காலேஜ் போகிற வயதிலும் அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்ச நாள் டைம் கொடு. நான் எடுத்துக் காட்டறேன்" என்று கெஞ்சினார். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் தேதியைத் தள்ளிப் போட மைக்கம்மாவே ஒத்துக்கொண்டாள். கத்தி என்றால் அவளுக்கும் உள்ளூர உதறல்தான். அந்த நேரத்தில் ஒத்துக்கொண்டதற்காகத் தன்னையே அவள் பிற்பாடு எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேசைமேல் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. கஞ்சி என்று பெயர். கரண்டியைக் குத்தி நிறுத்தினால் நின்றது. ஓட்ஸ், அதன்மேல் கோதுமைத் தவிடு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் தவிடு. பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ் நறுக்கல். மதியத்துக்கு டப்பாவில் வேகவைத்த ராஜ்மா, தோலோடு ஆப்பிள். சாயங்காலம் கேரட். ராத்திரிக்கு மறுபடியும் ராஜ்மா, அது தீர்ந்தால் கொண்டைக்கடலை.

"டாக்டர் கொஞ்சங்கொஞ்சமான்னு சொன்னாங்கங்க."

"அவங்க பயந்த ஆளுங்களுக்குச் சொல்றது அது. நார்ங்கறது ஸ்பிரிங் மாதிரி. மெல்லிசா விட்டா வளைஞ்சு திரும்பி வந்துடும். கனமா விட்டாத்தான் தேய்ச்சுக்கிட்டே போகும்."

இதுவரைக்கும் போயிருந்தால்கூட வயிற்றுப் பொருமலோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தொழில் தெரியுமே! தண்ணீர் டம்ளரை அவள் கையிலிருந்து நாசூக்காக வாங்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"உடனே தண்ணி குடிக்காதே. தண்ணி விட்டா வழுக்கிட்டுப் போயிடும். காஞ்ச நார்தான் நல்லாத் தேய்க்கும். பாத்திரம் விளக்கறப்போ பார்த்ததில்ல?"

விளைவு என்ன ஆகும் என்று தவிட்டு மூட்டையைக் கேட்டால் அதுவே சொல்லும். காய்ந்த தவிடு உள்ளே போய்ச் சிமெண்டாகிவிட்டது. வயிறு தம்பட்டம்போல உப்பி, சேலைக் கொசுவம் நிற்க மாட்டேன் என்றது. காலையில் குளியலறைக்குள் போனவள் வெளியே வரக் காணோமே என்று மகள் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

"பக்கத்துச் சந்துல இருந்த அடைப்பு போதாதுன்னு மெயின் ரோட்டையும் அடைச்சுட்டீங்க!" என்று உள்ளே இருந்தே கத்தினாள் மைக்கம்மா.

"அப்பா, கூகுள் பண்ணியாவது பாருங்கப்பா" என்றாள் மகள்.

"கூகுளா வந்து ஊர்ல அடைப்பு எடுக்குது?" என்றார் அவர்.

அவள் கோபப்பட்டால் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவார். சண்டை போடவும் முடியாத ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அவளுக்கு அழுகையே வந்தது. விடியற்காலையில் எழுந்து, தானே தோல் சீவி, வேகவைத்து, ஆற வைத்து, டப்பா கட்டித் தருகிறவரிடம், "எடுத்துட்டுப் போய்யா உன் தவிட்டை" என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கறை என்று பெயர் வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் அடுத்தவர் தொண்டைக்குள் தள்ளலாம் போலிருக்கிறது. மேசைக்குக் கீழே திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு அவள் நாளைத் தள்ளினாள். ஆபரேஷனுக்கு வாங்கிய இரண்டாவது தேதி வருகிறதே என்பது ஒன்றுதான் ஆறுதல். இதற்கிடையில் விலாவுக்குக் கீழே அவ்வப்போது ஒரு குத்தல் வந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

வயிறு மைக்கில் பேசிய அன்றைக்கு, டீ இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எதுவரைக்கும் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளத்தான்.

"மேடம், உங்க ஆபரேஷன் இல்லையே" என்றது அந்தப் பக்கக் குரல். "நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினாரே. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்."

மைக்கம்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் அவள் குரலைக் கேட்டு வண்டி ஏறுகிறது, இறங்குகிறது. அவள் வயிற்றை அறுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் அவளைக் கேட்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் ஒரு சீட்டை நீட்டினார். ஏதோ ஒரு வண்டி பழுதாகிவிட்டதாம். அவள் சுவிட்சைப் போட்டு, "ரத்து செய்யப்பட்டுள்ளது" என்று சொன்ன சொல்லில், ஏதோ தாங்கள்தான் தப்புச் செய்துவிட்டதுபோலப் பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் அவள் செருப்பைக் கழற்றி எறிந்த சத்தத்திலேயே மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். பிளம்பர் சமையலறையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய்.

"யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க?"

அவர் திரும்பவில்லை. "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? என்னை எரிச்சதுக்கு அப்புறமா?"

"அப்படியெல்லாம் பேசாதே." அவர் கை நின்றுவிட்டது. "இந்தா பாரு, இது ஒண்ணே ஒண்ணு. ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். அவர் மச்சானுக்கும் இதே கல்லுதானாம். பாதி டம்ளர் எண்ணெய், பாதி டம்ளர் எலுமிச்சைச் சாறு, ஒரே மூச்சுல குடிச்சிருக்கார். காலையில பச்சைப் பச்சையா அத்தனை கல்லும் வந்து விழுந்துடுச்சாம். நாரால தேய்ச்சு லூசாக்கி வெச்சிருக்கோம். இப்போ எண்ணெயை விட்டா வழுக்கிட்டு வெளிய வந்துடும்."

"எண்ணெயே கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாங்க!"

"அது சாப்பாட்டுல. இது மருந்து."

"அம்மா, குடிக்காதேம்மா" என்றாள் மகள் வாசற்படியில் நின்றுகொண்டு.

மைக்கம்மா அந்த டம்ளரைப் பார்த்தாள். மேலே எண்ணெய் மஞ்சளாக மிதந்தது. குடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் இத்தனை நாள் தவிட்டில் ஊறிய ஆத்திரம் ஒன்று இருந்தது. இந்த மனிதரோடு பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது. ஒரு தரம் அவர் இஷ்டப்படியே நடந்து, ஒன்றும் வராமல், அவர் முகத்தில் கரி பூசினால்தான் அடங்குவார் என்று தோன்றியது. பொறுமை போனால் புத்தியும் கூடவே போய்விடுகிறது.

"இதைக் குடிச்சா வாயை மூடுவீங்களா?"

"குடிச்சுத்தான் பாரேன்."

"காலையில கல்லு வரலேன்னா நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிட்டு வரணும். மூச்சு விடக் கூடாது."

"சரி. சத்தியமா."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கழுவுதொட்டியில் வீசினாள்.

காலை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள், பாதி மடித்த துணியோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். விருந்தன்று வந்ததெல்லாம் வலியே இல்லை என்று ஆகிவிட்டது. விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிடித்தது, விடவே இல்லை. வியர்த்து ஊற்றியது. ஊரைக் கூட்டும் அந்தக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஏங்க" என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. மகள் டாக்ஸியைக் கூப்பிட்டாள். பிளம்பர் மனைவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். வேலைப் பையை ஏன் தோளில் மாட்டிக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. வெளியே கிளம்பினால் மாட்டிக்கொண்டே பழகிய தோள்.

ஊசி போட்டு, வலி ஒரு மட்டுக்கு வந்து, மைக்கம்மா கண்ணைத் திறந்தபோது கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பிளம்பர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை மருந்துக் குழாயின் நடுவில் இருந்த ஒரு சின்ன நீல நிறத் திருகில் நிலைத்திருந்தது. கட்டியவள் சாகக் கிடந்தாலும் மனிதருக்கு வால்வு கண்ணில் படாமல் போகாது.

சர்ஜன் அம்மா வந்து, கல் பையின் வாயில் வசமாகச் சிக்கியிருக்கிறது, பை வீங்க ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மைக்கம்மா சொன்னாள். சர்ஜன் அம்மா பிளம்பரை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. அடுத்த படுக்கையைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று நகர்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பிளம்பருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அதையே ஏன் பார்க்கறீங்க?" என்றாள் மைக்கம்மா.

"இல்ல... மூணு வழி இருக்கு இதுல. மெயின்ல ஒண்ணு போகுது, பக்கத்துல ஒரு வாய் மூடியிருக்கு."

"நல்லாப் பாருங்க. அந்த மெயின்ல எவ்வளவு மருந்து வேணாலும் போகட்டும். மூடியிருக்கற பக்கவாய்க்குள்ள போகுமா?"

"எப்படிப் போகும்? அது தனிக் கிளை."

"அந்தக் கிளைதான் என் பித்தப்பை. நீங்க தள்ளின தவிடும் ராஜ்மாவும் போனது மெயின்ல. பைக்குள்ள ஒரு துளி போகல. போகவும் போகாது. டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. நீங்க நார்ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்க."

அவர் திருகிலிருந்து பார்வையை எடுத்தார். "அப்போ அந்த எண்ணெய்?"

"எண்ணெயும் மெயின்லதான் போச்சு. ஆனா எண்ணெய் வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் பை தானாச் சுருங்கிப் பிழியும். வாயில கல்லு அடைச்சுக்கிட்டு நிக்குது. பின்னால இருந்து பிழியுது."

சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை. பிளம்பரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூடின வால்வுல மோட்டாரைப் போட்டுட்டேன்" என்றார்.

எத்தனையோ வீடுகளில் வெடித்த குழாயைப் பார்த்தவர். வால்வைத் திறக்காமல் மோட்டார் போட்டவர்களை அவர் திட்டிய திட்டை மைக்கம்மாவும் கேட்டிருக்கிறாள். இப்போது திட்ட ஆள் இல்லாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ரத்து பண்ணீங்க? உண்மையைச் சொல்லுங்க. கம்பெனி சாமான் கதையெல்லாம் வேண்டாம்."

வார்டின் கோடியில் கைகழுவும் குழாய் ஒன்று டக் டக்கென்று ஒழுகிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுல எது கெட்டாலும் நான்தான் பார்த்திருக்கேன்" என்றார் கடைசியில். "இதுக்கு மட்டும் உன்னை உள்ள கொண்டுபோய்க் கதவைச் சாத்திடுவாங்க. என்னை வெளிய உட்காருன்னுவாங்க. நான் என்ன பண்ணுவேன் அங்க உட்கார்ந்துக்கிட்டு? பயமா இருந்துச்சு. அதான்."

மைக்கம்மாவுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"உங்களுக்குப் பயமா இருந்துச்சுன்னு நான் தவிடு தின்னேன்! பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். நானும்தான் பயந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம், வயித்துல இவ்வளவு கேஸ் இல்லாம."

அடுத்த கட்டிலில் படுத்திருந்த அம்மாள் போர்வைக்குள் சிரித்தாள்.

சர்ஜன் அம்மா திரும்பி வந்து, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? பை இன்னும் வீங்கறதுக்குள்ள எடுத்துட்டா நல்லது" என்று பிளம்பரைப் பார்த்துக் கேட்டார். அவர் வாயெடுப்பதற்குள் சொட்டு மருந்து ஏறும் கையை மைக்கம்மா தூக்கினாள்.

"டாக்டர், வயிறு என்னோடது. என்னைக் கேளுங்க." தொலைந்துபோன குரல் திரும்பி வந்திருந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இதுல மாற்றம் எதுவும் இல்ல."

மறுநாள் காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு பக்கம் பிளம்பர், தோளில் அதே பை, உள்ளே ஸ்பானர்கள் குலுங்கின. பெரிய கதவு வந்ததும் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க இங்கயே உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. நடு வழியில் நின்றார். நாற்காலி எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்போல நின்றார். அவர் கைகள் இரண்டும் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. மைக்கம்மாவுக்கு இந்த நேரத்திலும் எரிச்சல்தான் வந்தது. உள்ளே போய் அறுபடப் போகிறவள் இவள். இவருக்கும் இவளே ஒரு வழி பண்ணிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

"ஏங்க."

"சொல்லு."

"வார்டுக் கோடியில ஒரு குழாய் ஒழுகுது. நேத்துலேருந்து என் உயிரை வாங்குது. நான் வர்றதுக்குள்ள அதைப் பார்த்து வைங்க."

அவர் அவளையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார். கதவு மூடிக்கொண்டது.

அவள் மறுபடி கண் விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னக் கட்டுகள் ஒட்டியிருந்தன. நாக்கு அட்டைபோல உலர்ந்திருந்தது. மகள் நெற்றியைத் தடவி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பையை எடுத்துவிட்டார்கள் என்றாள்.

"அப்பா எங்கடீ?"

மகள் பதில் சொல்வதற்குள் தலைமை நர்ஸ் புயல்போல வந்தாள்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானே? ஒரு குழாயை ரிப்பேர் பண்றேன்னு மாடி முழுக்கத் தண்ணியை நிறுத்திட்டார்! கைகழுவத் தண்ணி இல்லாம எல்லாரும் கத்திக்கிட்டிருக்காங்க. கேட்டா, மெயினை மூடாம கை வைக்கக் கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்கறார்!"

மைக்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மயக்க மருந்தே தேவலை.

நர்ஸுக்குப் பின்னாலேயே பிளம்பர் வந்தார். சட்டைக் கை நனைந்திருந்தது. "திறந்து விட்டுட்டேன் சிஸ்டர், போய்ப் பாருங்க" என்று அவளை அனுப்பிவிட்டு, கட்டிலருகே வந்து நின்றார். உதட்டை நனைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னதும், டம்ளரை அவரே எடுத்து, பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தார். அவர் கையாலேயே தண்ணீர்!

"தவிடு?" என்றாள் மைக்கம்மா.

"டாக்டர்கிட்ட மறுபடியும் கேட்டேன். முதல்ல சாதாரணச் சாப்பாடு, எண்ணெய் கம்மியா. நார்ச்சத்து கொஞ்சங்கொஞ்சமா. தண்ணி..." கொஞ்சம் தயங்கினார். "தண்ணி நிறைய. நீயே போட்டுக்கோ. நான் கிண்ணத்தைத் தொடவே மாட்டேன்."

"குழாய்?"

"வாஷர் தேஞ்சு போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"பழசு? பரணுக்கா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பழக்க தோஷம். பிறகு கையை எடுத்தார்.

"இல்ல. குப்பையில போட்டுட்டேன்."

மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது. வலித்ததும் கோபம் வந்து, சிரிக்க வைக்காதீங்க என்று அவரைத் திட்டினாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையைத் தரையில் இறக்கிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.